அத்தையும் ஆரஞ்சுப் பழமும்

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிகிற அடிவாரத்தில்தான் எங்கள் வீடு. மேலே போய்த் திரும்பும் சொந்தக்காரர்கள் ஒரு வாய் காப்பி குடித்து, ஒரு பை ஆரஞ்சும் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த ஆரஞ்சே எமனாக வரும் என்று யார் கண்டார்கள்?

என் மாமியாருக்கு வெகு நாளாகச் சர்க்கரை வியாதி. கிட்னியும் பழுதாகியிருந்தது. "சாப்பாட்டுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட யோசனை கேட்கலாம் அண்ணி" என்று நாத்தனார் ஒருவரிடம் அழைத்துப் போனாள். வாசலில் 'டயட்டீஷியன்' என்று பெரிய போர்டு. சுவரில் கண்ணாடி போட்ட சர்டிபிகேட். காலையில் வாழைத்தண்டு ஜூஸ், பதினொரு மணிக்கு இளநீர், சாயங்காலம் ஆரஞ்சு. சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த உப்பு. எல்லாம் நல்ல பண்டங்கள்தானே! நானும் பயபக்தியோடு செய்து கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் அத்தைக்குக் கைகால் துவண்டுவிட்டது. "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதும்மா" என்றார். அலறியடித்துக்கொண்டு சேலத்துக்கு ஓடினோம். ரத்தத்தில் பொட்டாசியம் 6.8! இன்னும் ஏறியிருந்தால் இதயமே நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

அபாயம் நீங்கிய பிறகு, அங்கே வேலை பார்க்கும் டயட்டீஷியன் பெண் வந்தாள். "அவர் ரத்த ரிப்போர்ட்டைக் கேட்டாராம்மா?" கேட்கவே இல்லை. பழுதான கிட்னியால் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாதாம். இளநீரிலும் ஆரஞ்சிலும் அது நிறைய. அந்த உப்பிலும் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியத்தைத்தானாம். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொன்னாள்.

"இவங்களையெல்லாம் கேட்க ஆளே இல்லையா?" என்றேன் ஆத்திரத்தோடு.

இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் 1963-லேயே தொடங்கியது. பரீட்சை வைத்து 'ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்' பட்டம் தருகிறது. ஆனால் அது இல்லாதவர் போர்டு மாட்டுவதைச் சங்கத்தால் தடுக்க முடியவில்லை. பிரிட்டனில் பதிவில்லாதவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதே குற்றமாம். இங்கே 2021-ல்தான் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உணவியல் நிபுணர்களும் அதில் அடக்கம். மாநிலத்துக்கொரு கவுன்சில், ஒரு பதிவேடு. பதிவில்லாமல் தொழில் செய்தால் 50,000 ரூபாய் அபராதம். காகிதத்தில் இருந்து என்ன? கவுன்சில்களை அமைக்க மாநிலங்கள் தாமதிக்க, 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே கெடு வைக்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் போய் அந்தச் சர்டிபிகேட்டை உற்றுப் பார்த்தார். பத்து நாள் வகுப்பு! நாங்கள்தான் பளபளப்பைப் பார்த்தோமே தவிர, எழுத்தைப் படிக்கவில்லை. புகார் கொடுக்கலாமென்றால் அவருக்குத் தயக்கம். "பக்கத்து ஊர்க்காரன், வம்பு எதுக்கு?"

கட்டிலில் படுத்திருந்த அத்தைதான் தலையைத் தூக்கினார். "இன்னொருத்தி வீட்டுல இழவு விழுந்தப்புறம் எழுதப் போறியா? இப்பவே எழுதுடா."

சுகாதாரத் துறைக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம். நேற்று மேலிருந்து மறுபடியும் ஒரு பை வந்தது. அத்தை ஒரு பழத்தை எடுத்து ஆசை தீர முகர்ந்துவிட்டு, பேத்தியின் கையில் கொடுத்துவிட்டார்.