எஞ்சின் சுடுகின்றது: எப்போது பயப்பட வேண்டும்?

வெளிக்கள வேலைக்காகக் கிராமங்களுக்குப் போகும்போது பெண்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் காணி, வீடு, பிள்ளைகளின் படிப்பு பற்றியவை. இப்போது இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகின்றது. "மிஸ், எஞ்சின் சரியாய்ச் சுடுது, வெடிக்குமோ?" குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் எமது சகோதரிகள் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் தொழில். ஓட்டப் பழகிவிட்டோம். ஆனால் எஞ்சினுக்குள் நடப்பது மட்டும் ஆண்களின் விடயம் என்று இன்னும் விட்டுவைத்திருக்கிறோம்.

எஞ்சின் சுடுவது நோய் அல்ல. எம்மிடம் உள்ள சிறிய வண்டிகளில் பெரும்பாலானவை காற்றினால் ஆறுபவை. ஸ்கூட்டரில் உள்ளே ஒரு காற்றாடி சுற்றிக் காற்றை அடிக்கின்றது. மோட்டார் சைக்கிளில், ஓடும்போது எதிரே வரும் காற்று சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக உள்ள தகடுகளில் பட்டு வெப்பத்தைக் கொண்டுபோகின்றது. உள்ளே இருக்கும் ஒயில் 80 முதல் 110 பாகை செல்சியஸ் வரை சூடாவது வழமை. தண்ணீர் கொதிப்பதே 100 பாகையில்தான். ஆகவே மழைத்துளி எஞ்சினில் பட்டுச் 'சுர்' என்று ஆவியானால் பயப்பட எதுவுமில்லை. நிறுத்திய பின் கேட்கும் 'டிக் டிக்' சத்தம் உலோகம் ஆறிச் சுருங்குவதால் வருவது. கையை வைத்துப் பார்த்து எதையும் அறிய முடியாது, கைதான் வேகும்.

ஒயில் ஏறத்தாழ 130 பாகையைத் தாண்டி நெடுநேரம் நிற்கும்போதுதான் கவலை. அப்போது அது தண்ணீராய் இளகுகின்றது. உரசும் பாகங்களுக்கு இடையில் நிற்க வேண்டிய ஒயில் படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தில் தேய்கின்றது. எமது வண்டிகளில் இதைக் காட்டும் மானி கிடையாது. வண்டியின் நடத்தையைத்தான் பார்க்க வேண்டும். அதே பாதை, அதே சுமை, ஆனால் இழுவை குறைகின்றது. முறுக்கும்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்கின்றது. கியர் இறுகுகின்றது, நியூட்ரல் விழ மறுக்கின்றது. கருகிய மணம் வருகின்றது. இப்படி ஏதாவது கண்டால் நிழலில் நிறுத்தி அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூடான உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிப்பு விழலாம். கிக்கர் அசையாமல் இறுகி நின்றால் மேலும் மேலும் உதைக்கவும் வேண்டாம்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டிய கிராமம் ஒன்றில் ஓர் அக்கா, லீசிங்கில் எடுத்த பழைய மோட்டார் சைக்கிளில் உடுப்பு மூட்டை கட்டி வீடு வீடாக விற்று வந்தார். இழுவை குறைகின்றது என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டிய கராஜில் "வெயிலுக்கு அப்பிடித்தான் அக்கா" என்று அனுப்பிவிட்டார்கள். ஒயில் குச்சியை ஒருவரும் இழுத்துப் பார்க்கவில்லை. சித்திரை வெயிலில், மணல் ஒழுங்கை ஒன்றில் முதலாம் கியரில் மெல்ல மெல்லப் போகையில் எஞ்சின் இறுகி நின்றது. கழற்றியபோது ஒரு தேநீர்க் கோப்பை ஒயில்கூட உள்ளே இல்லை. பிஸ்டனும் சிலிண்டரும் செய்து முடிக்க இரண்டு மாதத் தவணைக்கு மேலான பணம் போயிற்று. தவணை கேட்டு வருபவர்கள் அந்த மாதங்களிலும் தவறாமல் வந்தார்கள்.

அங்கே நடந்தது இதுதான். சுமையோடு மெதுவாகப் போகும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கின்றது, காற்றோ வருவதில்லை. இந்தச் சிறிய எஞ்சின்கள் கொள்வது ஒரு லீற்றர் அளவான ஒயில், ஸ்கூட்டரில் அதிலும் குறைவு. அதில் கால்வாசி குறைந்தாலே மிச்சம் உள்ளது விரைவாகச் சூடேறும். பழைய எஞ்சின்கள் ஒயிலைக் குடிக்கவும் செய்யும்.

பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சமதரையில், சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் சில நிமிடம் பொறுங்கள். குச்சியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். இரு கோடுகளுக்கு இடையில் ஒயில் நிற்க வேண்டும். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் நல்லதல்ல. வெள்ளத்துக்குள்ளால் ஓடியபின் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். ஓட்டாமல் மாற்ற வேண்டும்.

ஒயில் கூடினாலும் சந்தேகப்பட வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் அம்மா. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து ஒயிலோடு கலந்து அதை இளக்கும், குச்சியில் மட்டம் உயரும். அம்மா குச்சியை மணந்து பார்ப்பாராம்.

இன்னொரு விடயம் விலை. கார் ஒயில் மலிவாகக் கிடைத்தால் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கிளச் ஒயிலுக்குள்ளேயே இருக்கின்றது. சில கார் ஒயில்கள் அதை வழுக்கச் செய்யும், வழுக்கும் கிளச் மேலும் சூட்டைத்தான் தரும். போத்தலில் 'ஜாசோ எம்.ஏ.' என்று இருக்கின்றதா பார்த்து வாங்குங்கள்.

சென்ற மாதம் எமது மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் முற்றத்தில் நின்ற வண்டிகளின் குச்சிகளை எல்லோருமாக இழுத்துப் பார்த்தோம். சிலவற்றில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஒன்றில் குச்சி உலர்ந்தே வந்தது. அந்த வண்டிக்காரி அன்று அதில் ஏறவில்லை. தங்கையின் பின்னால் இருந்து கடைக்குப் போய் ஒயில் வாங்கி வந்து ஊற்றினார்.