படி விற்ற கதை

சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் நண்பர் இருவரும் வணிகராயினோம். முதல் இல்லை, கடை இல்லை, தராசும் இல்லை. கைப்பேசி ஒன்றே எம் கடை. பழம்பொருள்களை வாங்கிப் படம் பிடித்து இணையத்திலே விற்றல் எம் தொழில். கல்லூரியில் பொருளாதாரம் பயிலும் நண்பர் இதற்குப் பெரிய பெயரொன்று வழங்கினார். அது ஈண்டு வேண்டுவதன்று.

இவ்வெண்ணம் உதித்தது கள்ளக்குறிச்சி உழவர் சந்தைக்குச் செல்லும் வழியில். வைகறையில் காய்கறி வாங்கி வருதல் விடுமுறை நாள்களில் எம் தலையில் விழும் கடமை. 1999 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14 ஆம் நாள் மதுரையில் முதன்முதல் திறக்கப்பெற்ற உழவர் சந்தை பின்னர்ப் பல ஊர்களுக்கும் பரவியது என்பது அன்பர் அறிந்ததே. அடையாள அட்டை பெற்ற உழவரே ஆண்டு விற்கலாம், இடைத்தரகர்க்கு இடமில்லை. அன்றன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதி வைப்பர். மொத்த விலையினும் சற்றுக் கூடுதலாகவும், சில்லறைக் கடை விலையினும் குறைவாகவும் அஃது அமையும். பேரம் பேசத் தெரியாத எம் போன்றார்க்கு அப்பலகை பெருந்துணை. எம் அன்னையார்க்கு மட்டும் அதன்மேல் சிறிது வருத்தம் உண்டு; பேரமில்லாத சந்தை உப்பில்லாத குழம்பு என்பார்.

சந்தையினின்று மீளும் வழியில் பழைய இரும்புக் கடை ஒன்று உளது. பித்தளையை ஆண்டு எடைக்கு வாங்கி எடைக்கே விற்பர். வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, அரிக்கேன் விளக்கு, காதொடிந்த ஊறுகாய் ஜாடி யாவும் ஒரே குவியலிற் கிடந்தன. முதற்கண் வெற்றிலைப் பெட்டியை வாங்கினோம். அதனைப் புளியும் சாம்பலும் இட்டு அரை நாள் தேய்த்துப் பொன்போல் விளங்கச் செய்து படத்தை வெளியிட்டோம். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், “பழமை முழுவதையும் துலக்கிவிட்டீர்களே! களிம்பேறியதற்கன்றோ விலை?” என்று எழுதினார். அன்று முதல் புளி குழம்பிற்கே ஆயிற்று.

பின்னர்ச் சட்டத்தையும் படித்தோம். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிற்பம், நாணயம் முதலியன தொல்பொருள் எனப்படும். பெருமதிப்புடைய சுவடிகளுக்கு 75 ஆண்டே போதும். உரிமம் இல்லாதார் அவற்றை வாணிகம் செய்தல் குற்றம். ஆதலின் எம் தாத்தா காலத்தனவே எமக்கு ஏற்றவை என்று வரையறுத்துக் கொண்டோம். நண்பர் ஒருவர் மரத்தில் இழைத்த யானைத்தலை ஒன்றை மிகப் பழையதென்று கொண்டுவந்தார். இவ்வூர் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. அவ்யானையோ சென்ற தைத் திங்களிற் பிறந்ததாம்!

வைகாசியில் ஒரு நாள் கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறி வெள்ளிமலையை அடைந்தோம். அருவி காணச் சென்றோம் என்பது வீட்டில் யாம் சொன்னது. அம்மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தனர் என்பர். கேரளத்திற்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. இம்மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976 ஆம் ஆண்டிலேதான் அரசின் நேர் நிர்வாகத்தின்கீழ் வந்தது.

ஓர் ஊரில், கூரை வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் சாமை அளந்துகொண்டிருந்தார். அவர் கையிலிருந்தது பித்தளைப் பூண் கட்டிய இரும்புப் படி. விளிம்பருகே அரசாங்க முத்திரையும் 1948 என்ற எண்ணும் தெரிந்தன. எட்டு ஆழாக்குக் கொண்ட படி, 1956 ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தால் கிலோவும் லிட்டரும் வந்தபின் கடைத்தெருவினின்று மறைந்தது. இவர் வீட்டில் மட்டும் மறையவில்லை.

“இதைக் குடுப்பீங்களா ஆயா?” என்று கேட்டோம்.

“எங்க மாமியா அளந்த படி, தம்பி. எதுக்கு ஒங்களுக்கு?”

“வீட்டில் வைத்துக்கொள்ள” என்றார் எம் நண்பர். அச்சொல்லைத் திருத்தாமல் யாம் வாளா இருந்தோம்.

அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, மருந்து வாங்கப் பணம் வேண்டும் என்று சொல்லி 400 ரூபாய் பெற்றுக்கொண்டார். பேரம் பேசவில்லை. பத்து நாளில் பெங்களூர் அன்பர் ஒருவர் அதனை 2,600 ரூபாய்க்கு வாங்கினார். அன்று மூவரும் பரோட்டாக் கடையில் விருந்துண்டோம்.

ஆனித் திங்களில் உழவர் சந்தையில் அம்மூதாட்டியைக் கண்டோம். பேரனுடைய கடையில் பலாச்சுளையும் மரவள்ளிக் கிழங்கும் விற்றுக்கொண்டிருந்தார். கிழங்கு வாங்கினோம். பலகையில் எழுதிய விலையே கேட்டார். எடை நின்றபின் ஒரு கிழங்கைக் கொசுறாக இட்டு, “படியில அளக்கறீங்களா தம்பி? அடி கொஞ்சம் நசுங்கியிருக்கும், தலை தட்டி அளந்தா சரியா வரும்” என்றார்.

கிழங்குப் பை எமக்குப் பெருஞ்சுமையாயிற்று. அன்று மாலை மூவரும் வழக்காடினோம். படம் எடுத்தோம், பெட்டி கட்டினோம், கூரியர்க் கூலி கொடுத்தோம், வாங்குவாரைத் தேடினோம். இவற்றிற்கு விலையில்லையா என்றார் பொருளாதார நண்பர். அஃது உண்மையே. கிழங்கிற்கு எழுதிய பலகைபோல் படிக்கும் ஒன்று இருந்திருப்பின் ஆயா 400 கேட்டிருப்பாரா என்றார் மற்றவர். அதுவும் உண்மையே. யாம் அஞ்சியதோ விலையை அன்று. வீட்டில் வைத்துக்கொள்ள என்ற அந்தச் சொல்லை.

படியை மீளப் பெறலாமோ என்று பெங்களூர் அன்பர்க்கு எழுதினோம். அதில் மணிச்செடி வைத்துப் பலகணியில் தொங்கவிட்டிருப்பதாகவும், நீர் வடிவதற்கு அடியில் மூன்று துளையிட்டதாகவும் படத்துடன் விடை வந்தது. செடி செழிப்பாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு 1,000 ரூபாயுடன் சந்தைக்குச் சென்று நடந்ததை ஒளியாது சொன்னோம். பேரன் முகம் சிவந்தது. ஆயா கைப்பேசியை வாங்கிப் படத்தைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“ஓட்டை போட்டுட்டாங்களா? அப்ப இனிமே அளக்க முடியாது” என்றார்.

பணத்தை எண்ணிப் பேரனிடம் கொடுத்தார். கிழங்கு வாங்க வந்த மற்றொருவர்க்கு எடை போடத் திரும்பினார். அன்று எமக்குக் கொசுறு இல்லை.