ஆற்றில் போட்ட பொன்

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்குக் குறைவில்லை. கொலுவுக்கு வாங்கும்போது நான் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்ப்பேன். 'டங்' என்றால் நல்ல பொம்மை. 'டப்' என்றால் விரிசல். அப்படிப்பட்ட நான் சுண்டிப் பார்க்காமல் ஒரு காரியம் செய்தேன். கேளுங்கள்.

அக்கா மகன் ஒருநாள் செல்போனும் கையுமாக வந்தான். "சித்தி, பிட்காயின் 2009-இல் பிறந்த பணம். எந்தச் சர்க்காரும் அச்சடிப்பதில்லை. மொத்தமே 2 கோடியே 10 லட்சம் நாணயம்தான். பாங்கியும் வேண்டாம், மானேஜரும் வேண்டாம். கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது" என்றான்.

எனக்கு எங்கள் ஊர்க் கதை ஞாபகம் வந்தது. சுந்தரர் இங்கே ஈசனிடம் 12,000 பொன் பெற்று, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டாராம். பாங்கியில்லாத பட்டுவாடா!

சீட்டு எடுத்த பணம் 20,000 ரூபாயை அவன் காட்டிய ஒரு கம்பெனியில் போட்டேன். இரண்டு மாதம் ஏறியதாகச் செல்போன் சொன்னது. மூன்றாம் மாதம் எடுக்கப் போனால் கதவு சாத்தியிருந்தது! தட்டுவதற்கு விலாசம்கூட இல்லை.

"தப்பு பிட்காயினில் இல்லை, சித்தி. நடுவிலிருந்த கடைக்காரன்தான்..." என்று இழுத்தான் பிள்ளை.

"அதைத்தானப்பா நானும் சொல்கிறேன்!" என்றேன்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2018-இல் ரிசர்வ் வங்கி, பாங்கிகளை இதிலிருந்து விலகச் சொன்னது. 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. 2022 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி; நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது. 2023-இல் இந்த வியாபாரிகளைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது திருட்டுப் பணத்தைப் பிடிக்க. என் போன்றவள் போட்ட பணத்தைக் காக்க அல்ல. வரி வாங்குகிறவர்கள் வாசலில் காவலும் போட வேண்டாமா, சொல்லுங்கள்?

நாம் போடுகிற ஏலச் சீட்டுக்கு 1982-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. நடத்துகிறவர் பதிவு செய்ய வேண்டும், ஈடு கட்ட வேண்டும். அதனால் சீட்டு ஒழிந்தா போயிற்று?

"சர்க்கார் கை வைத்தால் இதன் சுதந்திரம் போய்விடும், சித்தி" என்றான் அவன்.

கதையின் மீதியை அவனுக்குச் சொன்னேன். சுந்தரர் கண்ணை மூடிக்கொண்டு பொன்னை ஆற்றில் விடவில்லை. மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூரில் பிள்ளையார் அதை வைத்து மாற்று உரைத்துப் பார்த்தார். அதனால் அவருக்கு மாற்றுரைத்த பிள்ளையார் என்றே பெயர். ஈசன் கொடுத்த பொன்னுக்கே உரைகல் வேண்டியிருந்தது! ஆற்றை யாரும் அடைக்க வேண்டாம். கரையில் கடை போடுகிறவனிடம் பதிவும் ஈடும் கேட்டால் போதும்.

பையன் பதில் பேசவில்லை. இந்த வருஷக் கொலுவுக்கு ஒரு பீங்கான் பிள்ளையார் வாங்கி வந்தான். கொடுக்குமுன் அவனே சுண்டிப் பார்த்தான்.

'டங்' என்றது.