முந்நூறு மீட்டர் முந்தானை!

“செத்துக்கிட்டு இருக்கிற ஊர்லயா ஹனிமூன் போட்டோ எடுக்கப் போறீங்க? உங்களுக்கு வேற ஊரே கிடைக்கலையாடா?”

வாட்ஸ்அப் வீடியோவில் அத்தை போட்ட சத்தத்தில், ரோமில் எங்கள் பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது. தப்பு என் பேரில்தான். ‘சிவித்தா தி பாக்னோரேஜியோ’ என்று ஊர் பேரை மட்டும் சொல்லிவிட்டு கம்முனு இருந்திருக்கலாம். “இத்தாலிக்காரங்க இதை ‘சாகும் ஊர்’னு சொல்வாங்க அத்தை” என்று ஜி.கே-வை எடுத்துவிட்டது என் வாய்க்கொழுப்பு.

ஆனா, நிஜமாவே அப்படித்தான் சொல்கிறார்கள். பாக்னோரேஜியோவில் பிறந்த பொனவெந்தூரா தெக்கி என்ற எழுத்தாளர் வைத்த பேர் அது. சுற்றிலும் பள்ளத்தாக்கு, நடுவில் தனியா ஒரு பாறை, அதன் தலையில் ஒரு குட்டி ஊர். சுமார் 2,500 வருஷத்துக்கு முன்னால் எத்ருஸ்கர்கள் உண்டாக்கியது. மேலே எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை, அடியில் வெறும் களிமண். மழையும் ஓடையும் களிமண்ணை அரிக்க அரிக்க, மேலே இருக்கிற பாறை விளிம்பு விளிம்பா உடைந்து, வீட்டோடு சேர்ந்து கீழே போய்விடும். 1695-ல் ஒரு பூகம்பம் வர, நிறைய ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு எதிரே இருக்கிற பாக்னோரேஜியோவுக்குப் போய்விட்டது. இப்போது அங்கேயே நிரந்தரமா குடியிருப்பவர்களை ஒரு மினி பஸ்ஸில் உட்கார வைத்துவிடலாம். ஊருக்குள் போக ஒரே வழி, 1965-ல் திறந்த ஒரு நடைபாலம். கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம். அந்தப் பாலம்தான் இந்தக் கதைக்கு வில்லன்!

அதற்கு முன்னால் ஒரு ஃப்ளாஷ்பேக்.

எங்களுக்கு பிப்ரவரியில் கல்யாணம். பக்கா அரேஞ்ச்டு. மாப்பிள்ளை ரோமில் ஆராய்ச்சி மாணவர், திருச்சிக்காரர். நான் கரூர். பத்து நாள் லீவில் வந்து, தாலி கட்டி, ரிசப்ஷனில் சிரித்து, திரும்பவும் ஃப்ளைட் ஏறிவிட்டார். என் விசாவுக்கு ‘நுல்லா ஓஸ்தா’ என்று ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள். ‘ஆட்சேபணை இல்லை’ என்று அர்த்தமாம். என்னைப் பெண் கேட்டு வந்தப்போகூட எங்கப்பா இத்தனை பேப்பர் கேட்கலைங்க! அது வந்து, விசா வந்து, நான் வந்து சேர ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஆறு மாசமா தினம் அரை மணி நேரம் போன். “சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டேங்க. நீங்க?” இருவருமே ‘ங்க’ போட்டுப் பேசிக்கொண்ட தம்பதி நாங்களாத்தான் இருப்போம்.

நேரில் வந்த பிறகும் அந்த ‘ங்க’ போகலை. நல்லவர்தான். காபி போட்டுத் தருவார், துணி காயப்போடுவார். ஆனா, வெளியே கூப்பிட்டால் நழுவுவார். சான் பியெத்ரோ சர்ச்சின் டோம் மேலே ஏறலாமா என்றால், “கூட்டமா இருக்கும்”. பின்ச்சோ மாடத்திலிருந்து ரோம் முழுக்கத் தெரியுமாமே என்றால், “இன்னொரு நாள் பார்க்கலாங்க”. ஒருநாள் ஒரு பெரிய கடையின் மொட்டைமாடி ரெஸ்ட்டாரன்ட்டில் ஜன்னலோர டேபிள் கிடைத்தும், “இங்கே வெயில்” என்று உள்பக்கம் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன வெயில்?

எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் மலைக்கோட்டைக்குப் போனோம். அடிவாரத்து மாணிக்க விநாயகர் சந்நிதியிலேயே, “புரொஃபசர் போன் பண்றார், நீங்க போயிட்டு வாங்க” என்று நின்றுவிட்டார். புது மாப்பிள்ளை இல்லாமல், நான் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தேன். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் என்ன வரும்? நீங்களே சொல்லுங்க. ‘இந்த ஆளுக்கு என்னோட வர இஷ்டமில்லை. வீட்டில் கட்டாயப்படுத்திக் கட்டி வெச்சுட்டாங்க.’ பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுத கதையெல்லாம் உண்டு.

செப்டம்பரில் ஒரு ராத்திரி கேட்டே விட்டேன். “எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறீங்க. உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இருந்துச்சா, இல்லையா?”

ரொம்ப நேரம் பதிலே இல்லை. பிறகு, “உங்களுக்கு எங்கே போகணும்?” என்றார். என் லேப்டாப் ஸ்க்ரீனைக் காட்டினேன். காலேஜ் படிக்கிற காலத்திலிருந்து அதில் இருக்கிற படம் அது. பனிமூட்டத்துக்கு நடுவில் மிதக்கிற மாதிரி ஒரு ஊரும், அதற்குப் போகிற ஒல்லிப் பாலமும். அவர் அந்தப் படத்தையே பார்த்தார். “சரி” என்றார்.

அவரோட லேபில் வேலை பார்க்கும் ஒரு இத்தாலியப் பெண், சனி ஞாயிறில் கல்யாணங்களுக்கு போட்டோ எடுப்பாள். ‘என் கல்யாணப் பரிசு இதுதான்’ என்று காசு வாங்காமல் கேமராவோடு கிளம்பிவிட்டாள். சனிக்கிழமை காலையில் ரோமிலிருந்து ரயிலில் ஓர்வியெத்தோ. அங்கிருந்து பாக்னோரேஜியோவுக்கு பஸ். (ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ் கிடையாது. போகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்!) தெருவில் இறங்கியதும் நம்ம ஊர் ‘ஆப்பே’ மூன்று சக்கர வண்டி ஒன்று காய்கறியோடு நின்றது. ‘ஆப்பே’ என்றால் இத்தாலியில் தேனீ என்று அன்றைக்குத்தான் தெரியும். கரூரில் எத்தனை ஷேர் ஆட்டோவில் போயிருக்கேன்!

அத்தையின் கண்டிஷன், போட்டோவில் மாம்பழக் கலர் காஞ்சிபுரம் பட்டு கட்டியாகணும். ஒரு காபி கடையில் மூன்று காபி வாங்கி, அதற்குப் பதிலா அவர்களுடைய டாய்லெட்டை இருபது நிமிஷம் ஆக்கிரமித்தேன். நம்ம ஊர் பழைய டெலிபோன் பூத் சைஸ். ஆறு கஜம் பட்டுப் புடவையை அதற்குள் கட்டி முடித்த எனக்கு இத்தாலி அரசாங்கம் ஒரு விருது கொடுக்கலாம்.

பாலத்தின் ஆரம்பத்தில் ஆளுக்கு 5 யூரோ டிக்கெட். 2013-ல் இந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்தபோது ஒன்றரை யூரோதானாம். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். அப்படியே என் லேப்டாப் ஸ்க்ரீன்! பனிமூட்டம் மட்டும் மிஸ்ஸிங். நான் பாட்டுக்கு முன்னால் நடந்தேன். இருபதடி போய்த் திரும்பினால், அவர் டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்திலேயே நிற்கிறார்.

“வாங்க!”

வரலை. போட்டோகிராபர் பெண் கையைத் தட்டி, “டாய்! டாய்!” என்று கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் புருஷனை ‘டாய்’ங்கறாளே! (இத்தாலியில் அதற்கு ‘வா, வா, ஆகட்டும்’ என்று அர்த்தமாம். என் காதுக்கு சத்தியமா நம்ம ஊர் ‘டாய்’தான்.) நான் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனேன். கிட்டத்தில் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. செப்டம்பர் காற்றில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. டிக்கெட்டைப் பிடித்திருந்த கை, காய்ச்சலில் நடுங்குகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

“உடம்புக்கு என்னங்க?”

“ஒண்ணுமில்ல. போலாம்.”

நாலடி வைத்தார். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, சாம்பல் கலர் களிமண் மடிப்புகள், எங்கேயோ கீழே மரங்கள். எதிரே ஒரு மொபெட் வந்தது. ஊர்க்காரர், சாமான் மூட்டையோடு. வழி விட ஓரமா ஒதுங்கணும். இவர் ஒதுங்கலை. பாலத்தின் நடு மத்தியில் குத்துக்கல் மாதிரி நின்று கண்ணை மூடிக்கொண்டார். மொபெட்காரர்தான் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

எனக்கு அப்போதுதான் பொட்டில் அறைந்த மாதிரி புரிந்தது. டோம், பின்ச்சோ, ஜன்னலோர டேபிள், மலைக்கோட்டை... எல்லாமே உயரம்!

“பயமாங்க?”

தலையை மட்டும் ஆட்டினார்.

“திரும்பிடலாம்.”

“வேணாம். நீங்க ஆசைப்பட்டது.”

என்ன செய்வதென்று தெரியலை. என் முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “இதைப் பிடிச்சுக்குங்க. கீழ பார்க்காதீங்க, பக்கத்துல பார்க்காதீங்க. என் தலைல இருக்கிற பூவை மட்டும் பாருங்க.” (ரோமில் மல்லிகைப்பூ ஏது? துணிப்பூதான்!) நான் முன்னால், அவர் பின்னால். கல்யாணத்தன்று முடிச்சுப் போட்டு அக்னியைச் சுற்றும்போதுகூட இவ்வளவு மெதுவா நடக்கலை. பாலம் கடைசியில் செங்குத்தா ஏறும். அங்கே காற்று வேறு புடவையைப் பாய்மரம் மாதிரி உப்ப வைத்தது. பின் ஒன்று தெறித்தது.

“விட்டுடாத... முன்னாடியே போயிடாத...”

பாதிப் பாலத்துக்கு மேல் வந்த பிறகுதான் கவனித்தேன். ‘ங்க’வைக் காணோம்.

இந்தக் கூத்தையெல்லாம் போட்டோகிராபர் பெண் முன்னாடி ஓடி, பின்னாடி ஓடி கிளிக் பண்ணிக்கொண்டே இருக்கிறாள். “பெல்லிஸ்ஸிமோ! பெர்ஃபெத்தோ!” அவளைப் பொறுத்தவரைக்கும் இது ஏதோ இந்திய போஸ். மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அவளையே கண் கொட்டாமல் பார்த்தபடி வரும் கணவன்! எங்கள் இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

ஊர் வாசல் ஒரு கல் வளைவு. மனிதத் தலையைக் கவ்விப் பிடித்திருக்கிற சிங்கங்கள் வேறு மேலே. உள்ளே நுழைந்ததும் ஒரு அழகான மாளிகைச் சுவர். ஜன்னல்கள் வழியா நீலமா வானம். ‘சூப்பர் ஸ்பாட்’ என்று எங்களை அங்கே நிறுத்தினாள். “ஜன்னலுக்குப் பின்னால வீடு எங்கே?” என்று நான் கேட்க, “அதுவா, விழுந்துடுச்சு. இந்தச் சுவர் மட்டும் மிச்சம்” என்றாள் சாதாரணமா. அவர் என் தோளைப் பிடித்த பிடியில், மறுநாள் வரைக்கும் விரல் தடம் இருந்தது. அந்த போட்டோவும் ரொமான்ட்டிக்கா வந்திருக்கு. என்னத்தைச் சொல்ல?

நல்லவேளை, ஊருக்கு நடுவில் ஒரு சதுக்கம். சான் தொனாத்தோ சர்ச், சுற்றிலும் தேன் கலர் கல் வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி, வெயில் காயும் பூனைகள். எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர்தான், பள்ளம் கண்ணில் படாது. அங்கே வந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. பூனைகளை போட்டோ எடுக்கப் போட்டோகிராபர் பெண் நகர்ந்ததும், சர்ச் வாசலில் உட்கார்ந்து சொன்னார்.

ஆறாவது படிக்கும்போது மொட்டைமாடியில் பட்டம் விட்டிருக்கிறார்கள். கூட இருந்த ஃப்ரெண்ட் பின்னாலேயே நடந்து, கைப்பிடிச் சுவரில் இடறி, இவர் கண்ணெதிரே கீழே போய்விட்டான். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனா, அதற்கப்புறம் அவனுக்குக் கால் சரியாகவே இல்லை. “அவன் சட்டையைப் பிடிச்சேன். காலர் மட்டும் கையில வந்துச்சு” என்றார். அதிலிருந்து விளிம்பு என்று எதைப் பார்த்தாலும் இப்படி. வீட்டில் ஒருமுறை சொன்னதற்கு, “ஆம்பளப் புள்ளைக்கு என்னடா பயம்?” என்று சிரித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லலை.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“எப்படிச் சொல்றது? கல்யாணமாகி மூணாவது நாள், மலைக்கோட்டைக்கே பயப்படுறவன்னு...”

பாவமா இருந்தது. அதைவிடக் கோபமா இருந்தது. உண்மையைத்தான் சொல்றேன். “உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?” என்று அந்தச் சதுக்கத்தில் நின்று கத்தினேன். ஒரு பூனை எழுந்து போனது. அவர் “ஸாரி” என்றார். அப்புறம் இரண்டு பேரும் தக்காளி போட்ட ‘புருஸ்கெத்தா’ வாங்கி, பேசாமல் சாப்பிட்டோம். சுட்டு, பூண்டு தேய்த்த ரொட்டி. பசிக்கு அமிர்தம்.

திரும்பும்போது அதே பாலம். இறக்கம் என்பதால் பள்ளம் இன்னும் நன்றாகவே தெரிந்தது. இந்தத் தடவை அவர் முந்தானையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நடுவில் ஒருமுறை நின்றோம். அவர் எண்ணிக்கொண்டிருந்தாராம். முப்பது மூச்சு. பிறகு நடந்தோம்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதிக்க. பேர் போடாத” என்றார். போடலை.

ஆல்பம் போன மாசம் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. பாலத்து போட்டோவை அத்தை பெரிசா பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களெல்லாம் “என்ன ஒரு அந்நியோன்யம்!” என்கிறார்களாம். அத்தைக்கு மட்டும் ஒரு குறை.

“ஏன்டா, எல்லா போட்டோலயும் அவளையே பார்த்துக்கிட்டு இருக்க. ஒண்ணுலயாவது கேமராவைப் பார்க்கக் கூடாது?”

இவர் என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கி, “அந்தப் பொண்ணுதான் அப்படிப் பார்க்கச் சொன்னா அத்தை” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சான் பியெத்ரோ டோம். மொத்தம் 551 படி. நான் மட்டும் ஏறுகிறேன். அவர் கீழே சதுக்கத்தில் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேலே போனதும் கையாட்டணுமாம். “நீ ஆட்டு. நான் நிமிர்ந்து பார்க்கிறேனான்னு மட்டும் கேட்காத” என்றிருக்கிறார்.