படக்கருவி யார் கையில்?



நம் தோட்டப்புற மக்களைக் காட்டும் புகைப்படங்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலேயர் கால அஞ்சலட்டைகளில் நம்மவர் வரிசையாக நிற்பர். கீழே 'தமிழ்க் கூலிகள்' என்று அச்சிட்டிருக்கும். ஒருவர் பெயரும் இராது. எடுத்தவர் வேறு, எடுக்கப்பட்டவர் வேறு. பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் இப்படித்தான். வினாத்தாளோடு ஒருவர் வருவார். அவர் மனம் கோணாத விடையைச் சொல்லி நம் தாய்மார் அனுப்பி வைப்பர்.

இதனைப் புரட்டிப் போட்ட ஆய்வுமுறை ஒன்றுண்டு. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில், கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்னும் இருவர் 62 சிற்றூர்ப் பெண்களிடம் படக்கருவியைக் கொடுத்துத் தங்கள் வாழ்வைத் தாங்களே படம்பிடிக்கச் செய்தனர். வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தையை யார் பார்ப்பது என்னும் சிக்கல் அப்படங்களின் வழியே அதிகாரிகள் முன் வந்தது. 1997இல் இவர்களின் கட்டுரை வெளியானபின் இம்முறை 'ஃபோட்டோவாய்ஸ்' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது.

தமிழகத்திலும் இதற்கு நெருங்கிய முயற்சி நடக்கிறது. 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார், தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை கற்பித்து வருகிறார். பிள்ளைகள் தம் பெற்றோரின் உழைப்பையே படமாக்குகின்றனர். அவர்களுக்குத் திறக்கும் கதவு வெளியாருக்குத் திறக்குமா?

படம் எடுப்பது இதில் பாதி வேலைகூட இல்லை என்பது என் எண்ணம். எடுத்தவரைச் சுற்றி அமர்ந்து கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படத்தில் என்ன தெரிகிறது? உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? அது நம் வாழ்வோடு எப்படித் தொடர்புடையது? இந்நிலை ஏன் வந்தது? நாம் என்ன செய்யலாம்? ஃபோட்டோவாய்ஸில் வழக்கமாகக் கேட்கப்படும் இக்கேள்விகள் நம் கட்டுரைப் பாடத்திற்கும் பொருந்தும்.

பத்து காவானில் இதைச் செய்து பார்க்க எனக்கு ஆசை எழுந்தது. ஒருகாலத்தில் தோட்டமாக இருந்த ஊர் இது. 2014இல் பினாங்கின் இரண்டாம் பாலம் திறந்தபின் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் பெருகின. பெற்றோர் சிலரிடம், "ஒரு வாரம் உங்கள் கைத்தொலைபேசியில் உங்கள் நாளைப் படமெடுங்கள், பிறர் முகம் வந்தால் அவரிடம் கேட்டு எடுங்கள்" என்றேன். கோயில், செம்பனை, பழைய லயத்து வீடு என்று வரும் என எண்ணியிருந்தேன். வந்தவற்றில் ஒன்று, இருட்டில் அடைத்த கதவொன்றின் முன் கிடக்கும் சிறிய பள்ளிக் காலணிகள்.

அம்மா தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க விடியுமுன் கிளம்ப வேண்டும். உறங்கும் மகனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் விடுகிறார். காலணி அவன் விழித்தபின் போட்டுக்கொள்ள. பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இருப்பது 'தாமதம்' என்ற ஒரே சொல்.

'ஏன் இந்நிலை?' என்ற கேள்வி வந்தபோது, அங்கிருந்த பாட்டி ஒருவர், "எங்க காலத்துல ஆயாக் கொட்டகை இருந்துச்சு" என்றார். பால்மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுச் சென்றனர். ஆயாக் கொட்டகையை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. ஒரே ஆயாவிடம் எத்தனை பிள்ளைகள் என்பதையும் அதே பாட்டிதான் சொன்னார். ஆயினும் தோட்டம் போனபோது வீட்டைப் பற்றிப் பேசினோம், கோயிலைப் பற்றிப் பேசினோம். விடியற்காலைப் பிள்ளையைப் பற்றி யாரும் பேசியதாக அங்கிருந்த எவருக்கும் நினைவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்தத் தாயே எழுந்து பேசினார். காலை ஆறு மணிக்கே பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைத் திறந்து, முறைவைத்து இரு பெற்றோர் பார்த்துக்கொள்ளலாமா என்று பேச்சு நடக்கிறது. சாவி யாரிடம் இருப்பது என்பதில் இன்னும் உடன்பாடில்லை.

அந்தப் படத்தை இங்கே இடவில்லை. சொல்லலாம், காட்ட வேண்டாம் என்றார் அவர்.