எல்லைக்கு அப்பால் ஓர் அரண்மனை

திருவனந்தபுரத்தில் குடியேறிப் பல்லாண்டுகள் கழிந்தபின், விடுமுறை நாளொன்றில் நானும் என் துணைவியும் வாடகைக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்துப் பத்மநாபபுரம் புறப்பட்டோம். நெய்யாற்றின்கரை, பாறசாலை கடந்து களியக்காவிளையை அடைந்ததும் பெயர்ப்பலகைகள் தமிழாயின. "நம் எழுத்து!" என்று பின்னிருந்து மகிழ்ச்சிக் குரல் எழுந்தது.

தக்கலைக்கு அருகே நிற்கிறது, 1795 வரை திருவிதாங்கூர் தலைநகரில் விளங்கிய அம்மரமாளிகை. மந்திரசாலையின் நுண்ணிய மரவேலையும், கண்ணாடியென மின்னும் கருந்தரையும், ஆயிரம் பேருக்கு உணவிட்ட ஊட்டுப்புரையும் எம்மை வியப்பில் ஆழ்த்தின. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையோ தமிழ் மண்ணில் இருந்தபடியே இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது.

"எல்லைக்கு அப்பால் உள்ளதையும் இப்படிப் பேணுகிறார்களே! நம் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளி மலையாளம் தரும். தமிழை நாம்தானே தரவேண்டும்?" என்றாள் துணைவி.

தக்கலைக் கடைத்தெருவில் ஓர் அரிச்சுவடி வாங்கினோம்.

அன்பர்களே, மலையாளம் நமக்கு வாழ்வளித்த மண்ணின் மொழி. நம் குழந்தைகள் அதனைச் செவ்வனே கற்கட்டும். தாய்மொழிக்கு நாள்தோறும் அரைமணி நேரத்தை இல்லத்திலே ஒதுக்குவோம். பேணுவார் இருப்பின், எம்மண்ணிலும் எதுவும் நிலைக்கும்.