பன்றி அறியாத சிவப்பு

சிவப்பைக் கண்டால் காளை மிரளும் என்று சிறு பிராயத்திலிருந்தே கேள்விப்பட்டு வருகிறோம். காட்டுப்பன்றி என்ன செய்யும்? சென்ற மார்கழியில், தஞ்சை ஜில்லாவில் கொள்ளிடக் கரையோரம் ஒரு பரண்மீது குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இதற்கு நமக்கு விடை கிடைத்தது.

நமக்கு வேண்டிய விவசாயி ஒருவர் அங்கே ஒன்றரை ஏக்கரில் சம்பா பயிரிட்டிருந்தார். கதிரில் பால் பிடிக்கும் சமயம். பகலெல்லாம் நாணற் புதரில் படுத்துறங்கும் பன்றிகள், ஊர் அடங்கியதும் வயலில் இறங்கிவிடும். அவை தின்பது கொஞ்சம். மிதித்தும் புரண்டும் பாழாக்குவது அதிகம். நண்பர் வரப்பெங்கும் பழஞ்சேலைகளை வேலியாகக் கட்டிப் பார்த்தார். தகரத்தைத் தட்டிப் பார்த்தார். வெள்ளை டார்ச் அடித்தால் ஓடும். அரை மணியில் திரும்பி வரும்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து வேட்டைக்காரர்கள், இரவில் பன்றி சுடுவதற்குத் துப்பாக்கியில் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பொருத்திக்கொள்வதாக நாம் படித்திருந்தோம். காரணம் கண்ணின் அமைப்பு. நிறமறியும் கூம்பணுக்கள் மனிதருக்கு மூன்று வகை. பன்றிக்கு இரண்டே வகை. ஒன்று சுமார் 439 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியையும், மற்றது 556 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சை மஞ்சள் ஒளியையும் நன்கு உணரும். 650க்கு மேற்பட்ட ஆழ்ந்த சிவப்பு அதற்கு ஏறக்குறைய இருட்டுத்தான். இந்த ஞானத்தின் பலத்தில், டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு பரண் ஏறினோம்.

நள்ளிரவுக்கு மேல் ஒரு தாய்ப்பன்றியும், உடலில் நீளக் கோடு போட்ட ஐந்து குட்டிகளும் வந்தன. சிவப்பு ஒளியை அவற்றின்மீதே பாய்ச்சினோம். மாட்டின் கண்போல் அவற்றின் கண்கள் மின்னவில்லை; ஒளியைத் திருப்பியடிக்கும் உட்படலம் பன்றிக்குக் கிடையாது. அவை கவலையின்றிக் கதிரை மென்றன. நமக்குப் பெருமை தாங்கவில்லை. அச்சமயம் காற்று திசை திரும்பியது. தாய் மூக்கை உயர்த்தி ஓர் உறுமல் உறுமிற்று. மறுகணம் வயலில் ஒன்றும் இல்லை.

"கண்ணைக் கட்டிப்புட்டீங்க ஐயா, மூக்கை என்ன பண்ணுவீங்க?" என்றார் நண்பர்.

அவர் கையில் துப்பாக்கி இருந்தாலும் சுட முடியாது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றம். 2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் இரண்டும் கூடாது. விவசாயி மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆனால் பால் பிடித்த கதிர் காத்திருக்குமா?

சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு அவர் சொன்னார்: "ரெண்டு வருஷம் முந்தி மோட்டார் கொட்டகையிலேருந்து கம்பி இழுத்து வரப்புல கரண்ட் விட்டேன் ஐயா. மொத நாள் ராத்திரி கன்னுக்குட்டி செத்துது. மறுநாள் சாயங்காலம் எம் பொண்ணு சோத்துத் தூக்கோட அந்த வரப்பு மேலேயே வந்துக்கிட்டிருந்தா. ஸ்விட்சு போட இன்னும் கால் மணிதான் இருந்துது. அன்னிக்கே கம்பியை அறுத்து எறிஞ்சுட்டேன்."

நமக்கு உடம்பு சிலிர்த்தது. ஒளியிலாவது நிறபேதம் உண்டு. மின்சாரத்துக்குப் பன்றி, பசு, பெண் என்ற பேதமே இல்லை. பயிரைக் காக்கப் போய்ப் பிள்ளையைப் பறிகொடுக்கும் துர்ப்பாக்கியம் எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.

மறுநாள் அவர் மனைவி, தீபாவளிக்கு வாங்கிய வர்ணச் சரவிளக்கை எடுத்து வந்தார். நம் புத்தக ஞானம் அப்போதுதான் பிரயோஜனப்பட்டது. மறைந்திருந்து பார்க்கச் சிவப்பு. விரட்டுவதற்கோ பன்றியின் கண்ணுக்கு நன்கு தெரியும் நீலமும் வெள்ளையும். பாட்டரியில் விட்டு விட்டு எரியும்படி அவற்றைப் பொருத்தினோம். ஒரே இடத்தில் எரிந்தால் பன்றி பழகிவிடும். ஆகவே இரண்டு நாளுக்கொரு முறை இடம் மாற்றினார்கள். அடுத்த வயல்காரர்களும் முறைவைத்துக் காவலுக்கு வந்தார்கள். வனத்துறைக்கும் மனுப் போயிற்று.

தையில் அறுவடையாயிற்று. வாய்க்காலோரம் கால் மா அழிந்ததுதான் நஷ்டம். மிச்சமெல்லாம் வீடு வந்து சேர்ந்தது. நமக்கும் ஒரு மரக்கால் புத்தரிசி வந்தது. விளக்குகளைவிட அதிகமாக அவ்வயலைக் காத்தது, அன்றைக்கு அந்தத் தகப்பனார் அறுத்தெறிந்த கம்பிதான் என்பது நமது அபிப்பிராயம்.